ரூம் போடும் முன் காற்றைப் பாருங்கள்: பாம்பன் தீவுப் பயணத் திட்டம்

ராமேஸ்வரம் வர எந்த மாதம் நல்லது என்று கேட்டால் எங்கள் கரையில் உடனே பதில் வராது. "எந்தக் கடலுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். பாம்பன் தீவு இரண்டு கடலுக்கு நடுவில் நீளவாக்கில் கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா. ஆழம் குறைவு, பல இடங்களில் 10 மீட்டர்கூட இருக்காது. தெற்கே மன்னார் வளைகுடா, நேராக இந்தியப் பெருங்கடலுக்குத் திறந்து கிடக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அடங்கிக் கிடக்கும் மாதத்தில் மற்றது ஆடிக்கொண்டிருக்கும். இதை விசாரிக்காமல், படத்தில் பார்த்த நீலத் தண்ணீரை நம்பி அறை போட்டுவிட்டு, வந்து இறங்கியபின் கடலில் கால் வைக்க விடவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் காற்று, அடுத்து பஞ்சாங்கம், அதற்கப்புறம்தான் அறை.

காற்றுக் கணக்கு

வைகாசி பிறந்தால் கச்சான் பிடித்துவிடும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று இது. மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை, சில வருடம் அதற்கு மேலும், விடாமல் அடிக்கும். இந்த மாதங்களில் தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும். குந்துகால், தனுஷ்கோடியின் தெற்குக் கரை எல்லாம் நின்று பார்க்கத்தான். அதே நாளில் வடகடலில், தங்கச்சிமடம் தொடங்கி மண்டபம், அரியமான் வரை, கரையோரத்தில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் அலை எழும்ப இடமில்லை.

ஐப்பசியில் வாடை திரும்பும். வடகிழக்குக் காற்றோடு மழையும் வரும். இப்போது வடகடல் கலங்கிச் செம்மண் நிறமாகும், தென்கடல் அடங்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் புயலும் காற்றழுத்தத் தாழ்வும் வரும் என்பதால், பணத்தைத் திருப்பித் தராத அறைகளை அந்த இரண்டு மாதங்களுக்குப் போடாதீர்கள். தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் வருடப் புயல் வந்தது டிசம்பர் 22 இரவில். ஜனவரியில் மழை விட்டுவிடும், ஆனால் வாடை விடாது.

இரண்டு கடலும் சேர்ந்து அடங்குவது மாசி, பங்குனியில். பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை. தண்ணீர் தெளிந்திருக்கும், மழை இருக்காது, தீவுப் படகும் ஓடும், வெயில் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் இந்த ஏழு வாரத்துக்குள் வாருங்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் கைட் சர்ஃபிங் ஆடுகிறவர்களுக்கு எல்லாமே தலைகீழ். அவர்கள் கச்சானுக்கும் வாடைக்கும்தான் வருவார்கள், நாம் ஓடி ஒளிகிற காற்றுதான் அவர்களுக்கு வேண்டியது.

தேதி நெருங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, விண்டி மாதிரி ஏதாவது ஒரு காற்றுச் செயலியில் பாம்பனைப் போட்டு வேகத்தையும் திசையையும் பார்ப்பது. 10 நாட் (knot) வேகத்துக்குள், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்குள் இருந்தால் எந்தப் பக்கமும் கவலையில்லை. 15 நாட் வேகத்தைத் தாண்டினால் காற்றுக்கு முகம் கொடுத்த கடலில் வெள்ளை நுரை தெரியும். 20க்கு மேல் போனால் தனுஷ்கோடியில் மணல் பறந்து முகத்தில் அறையும். இரண்டாவது, இன்காய்ஸ் என்கிற ஹைதராபாத் கடல் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கை. கள்ளக்கடல் என்று அவர்கள் அறிவிக்கும் நாட்களில் இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், ஆனால் எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை தென்கரையில் திடீரென்று ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் இந்த அறிவிப்பு வருவதுண்டு. காற்றுக் கணக்கு பொய்த்துப்போகும் இடம் இது ஒன்றுதான். மூன்றாவது, பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு. ஒன்று, இரண்டு என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது. மூன்றாம் எண் ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரப்போகிறது என்று பொருள். அன்றைக்குப் படகு, நீர்விளையாட்டு எல்லாம் நின்றுபோகும்.

இதையெல்லாம் பார்க்க நேரமில்லாதவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சாலை வழியாகத் தீவுக்குள் நுழைய எப்படியும் பாம்பன் சாலைப் பாலத்தில் வந்துதான் ஆக வேண்டும். பாலத்து உச்சியில் இடமும் வலமும் பாருங்கள். மண்டபத்திலிருந்து வரும்போது இடது கைப்பக்கம் வடகடல், வலது கைப்பக்கம் தென்கடல். ஒரு பக்கம் நுரை நுரையாக உடைந்துகொண்டிருக்கும், இன்னொரு பக்கம் தகடாகக் கிடக்கும். நாட்டுப்படகுகள் எந்தப் பக்கம் கட்டிக் கிடக்கின்றன என்றும் கவனியுங்கள். பாம்பன் மீனவர்கள் காற்று மாறும்போது படகையும் அடங்கிய பக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவர்கள் படகை நிறுத்தியிருக்கும் பக்கத்தில் நீங்களும் குளிக்கலாம்.

பஞ்சாங்கம்

இது உல்லாசத் தீவு மட்டுமல்ல, இந்தியா முழுவதும் வந்து பித்ரு காரியம் செய்யும் ஊர். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்றுக்கும் முந்தின நாளிலிருந்தே பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். அறை வாடகை இஷ்டத்துக்கு ஏறும். சாதாரண அமாவாசைக்கும் ஓரளவு கூட்டம் உண்டு. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்களின் பேருந்துகள், மகா சிவராத்திரிக்கு இன்னொரு கூட்டம். கடலுக்காக வருகிறவர்கள் இந்த நாட்களைத் தள்ளிவிட்டு, செவ்வாய் முதல் வியாழன் வரை தங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. எழும்பூரிலிருந்து மாலையில் கிளம்பும் சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் விடியற்காலையில் கொண்டுவந்து விடும். 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தபிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் வருகிறது. 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இதைக் கட்டியிருக்கிறார்கள். விமானம் என்றால் மதுரைதான், அங்கிருந்து சாலையில் சுமார் 170 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பரமக்குடி வரை நாலுவழி, அதற்கப்புறம் வண்டி ஓட்டுவது மெதுவாகும்.

எங்கே தங்குவது

மாலத்தீவு மாதிரி கதவைத் திறந்தால் தண்ணீர், படுக்கையிலிருந்து குதித்தால் பவளப்பாறை என்று எதிர்பார்த்து வராதீர்கள். தீவில் ரிசார்ட் என்று பெயர் போட்டவை சில உண்டு, நன்றாக நடத்தப்படுகிறவையும் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் இருக்கும் கரை பெரும்பாலும் மீனவர்களின் படகுத்துறை. அதிகாலை மூன்று மணிக்கே இன்ஜின் சத்தம் கேட்கும், வலை காயும், கருவாடு மணக்கும். ஊர் அவர்களுடையது, நாம் போய்வருகிறவர்கள்.

கோயிலும் தீர்த்தமாடுவதும் முக்கியம் என்றால் கோயில் சுற்று வீதிகளில் லாட்ஜ் எடுங்கள், நடந்தே போகலாம், ஆனால் கடல் கிடையாது. கடல் பார்த்தபடி இருக்க வேண்டும், ஊரையும் விட்டுப் போகக் கூடாது என்றால் சங்குமால், ஓலைக்குடா பக்கம். அமைதி வேண்டும் என்றால் தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் இடையில். குழந்தைகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டும், தீவை ஒரு நாள் பார்த்தால் போதும் என்றால் தீவுக்குள்ளேயே வர வேண்டாம். மண்டபம், உச்சிப்புளி, பிரப்பன்வலசைப் பகுதியில் தங்கி, ஒரு நாள் மட்டும் பாலம் தாண்டி வந்துபோங்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்தக் கடைசி யோசனையைத்தான்.

போனில் பேசும்போது "ஸீ வியூ இருக்கா" என்று மட்டும் கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். வடகடலா தென்கடலா என்று கேளுங்கள். அந்தக் கரையில் இந்த மாதம் குளிக்கலாமா, படகுத்துறையா என்று கேளுங்கள். குழாயில் வருவது உப்புத் தண்ணீரா, லாரித் தண்ணீரா, கரண்ட் போனால் ஏசிக்கும் சேர்த்து ஜெனரேட்டர் ஓடுமா, மின்விசிறிக்கு மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். தீவின் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி சிக்குப் பிடிக்கும். ஷாம்பூ இரண்டு மடங்கு செலவாகும். குடிக்க 20 லிட்டர் கேன் ஒன்றை முதல் நாளே அறைக்கு வாங்கிப் போட்டுவிட்டால் நாலு பேருக்கு இரண்டு நாள் ஓடும்.

தண்ணீரில் இறங்கும் முன்

பயமில்லாமல் குளிக்க அரியமானும் பிரப்பன்வலசையும்தான் எங்கள் தேர்வு. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரும் சாலையில் வடக்கே திரும்பினால் வரும். அரியமானில் சவுக்கு நிழல் இருக்கிறது, வெகுதூரம் இடுப்பளவு ஆழம்தான். பிரப்பன்வலசையில் கயாக், நின்றபடி துடுப்புப் போடும் பலகை, முகமூடி போட்டுப் பவளம் பார்ப்பது எல்லாம் கற்றுத் தருகிறார்கள். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கரை சூடேறி, எந்த மாதமானாலும் காற்று கிளம்பும்.

கச்சான் மாதத்தில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. வடகடல் அமைதியாகத்தான் தெரியும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். காற்றடைத்த மிதவை, வாத்துப் பொம்மை, லைலோ மெத்தை எதில் ஏறினாலும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஏறியவருக்குத் தெரியாது, ஏனென்றால் கரையோரத்தில் அலையே இல்லை. 100 மீட்டர் தாண்டினால்தான் அலையும் வேகமும் புரியும், அப்போது கையால் துழாவித் திரும்ப முடியாது. அந்த மாதங்களில் மிதவைகளை அறையிலேயே விட்டுவிடுங்கள். கயாக் எடுத்தால் கரைக்கு இணையாக மட்டும் ஓட்டுங்கள், முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக வையுங்கள், லைஃப் ஜாக்கெட்டின் கால்பட்டையையும் மாட்டிக்கொள்ளுங்கள். தோளில் மட்டும் தொங்கவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது முகத்துக்கு மேல் ஏறிவிடும்.

கடல் பாசிப் புல் உள்ள இடங்களில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள். பாதத்தைத் தரையோடு தேய்த்தபடி போனால் அதிர்வு கேட்டு அதுவே விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்திருந்தால் வலி இறங்கும். முள் உள்ளே இருந்தால் நீங்களாகப் பிடுங்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. ஒட்டியிருப்பதைக் குறட்டால் எடுத்துவிட்டுக் கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே 108.

அக்னி தீர்த்தத்தில் அலை கிடையாது, ஆனால் அங்கே விட்டுப்போகும் துணிகள் காலைச் சுற்றும், கூட்டமும் அதிகம். அது தீர்த்தமாடும் இடம், நீச்சலடிக்க வேறு இடம் பாருங்கள். கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடியவர்கள் ஈரத்துணியோடு சன்னதிக்குள் போக முடியாது. மாற்றுடை ஒன்றை முன்பே தனிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்படிக லிங்க தரிசனம் அதிகாலை ஐந்து மணிக்கு. அது வேண்டுமென்றால் மறுநாள் காலைதான் கடல்.

தனுஷ்கோடி

ஊரிலிருந்து தீவின் கிழக்கு நுனியான அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி முனை வரைக்குமான ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை 2017இல் திறந்தது. அதற்கு முன் மணலில் வேன்களும் ஜீப்புகளும்தான். இப்போது எல்லாரும் தங்கள் வண்டியிலேயே போகிறார்கள், தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு. மாலையானதும் உள்ளே விட மாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். சூரியோதயம் பார்க்க நினைப்பவர்கள் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதை முந்தின நாள் மாலை ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல், ஏடிஎம் எல்லாம் ஊரிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நிழல் என்று ஒன்றும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை. மோட்டார் சைக்கிளில் போனால் கண்ணாடி மூடும் ஹெல்மெட் அவசியம், கச்சான் காலத்தில் மணல் ஊசியாகக் குத்தும். அந்த மாதங்களில் சாலையையே மணல் மூடிவிடுவதும், முனையில் கடல் நீர் தடுப்பைத் தாண்டித் தெறிப்பதும் வழக்கம். கடல் ரொம்பச் சீறினால் போலீஸே வழியை மூடிவிடும்.

அங்கே குளிக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தில் மணல் தரை ஒரு வாரம் இருந்தது போல் மறு வாரம் இருக்காது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே பள்ளமாக இருக்கும். ஒரு கடலின் நீர் மட்டம் கூடும்போது மற்றதை நோக்கி நீரோட்டம் இழுக்கும், நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது.

வண்டியைச் சாலையை விட்டு மணலில் இறக்குவதுதான் நித்தமும் நடக்கும் கூத்து. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், இரண்டு அங்குலத்துக்குக் கீழே பொதபொதவென்று இருக்கும். சக்கரம் சுழன்றதும் எல்லாரும் செய்வது ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதிப்பது. அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் பிறகு டிராக்டர்தான். சுழன்ற உடனே நிறுத்துங்கள். எல்லாரும் இறங்குங்கள். இன்ஜின் இழுக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, அடிவயிறு தொடுகிற இடத்தையும் தோண்டி விடுங்கள். டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18 அளவுக்கு இறக்குங்கள். டயர் அகன்று மணல் மேல் பரவும், பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வண்டிக்குள் காலடியில் விரித்திருக்கும் மிதியடியைச் சக்கரத்தோடு ஒட்டிப் போட்டு, முன்னால் போகப் பார்க்காமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடித்த பிறகுதான் வேகம் போகலாம், அதனால் சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னப் பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும். அன்றைக்கே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு மணல் பிரேக் பக்கத்தில் தங்கினால் அடுத்த மாதம் துருப்பிடித்துச் செலவு வைக்கும்.

முனையில் நிற்கும்போது போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசைப்படாதீர்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, பக்கத்தில் சர்வதேச எல்லை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனும் போகும், நாளும் காவல் நிலையத்தில் போகும். மணல் திட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது தனியாக வந்து சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிப்ரவரி ஒட்டி வந்தால் பூநாரைகளைப் பார்க்கலாம். 2025இல் தனுஷ்கோடிச் சதுப்பைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். சாலையிலிருந்தே தெரியும், தொலைநோக்கி இருந்தால் போதும். கிட்டப் போனால் எழும்பிப் பறந்துவிடும்.

சின்னத் தீவுகள்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள் உண்டு, 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. ஆள் குடியில்லை. நினைத்தபடி படகு பிடித்து இறங்க முடியாது. இறங்கினால் வன உயிரினச் சட்டப்படி வழக்கு. சட்டப்படி போகக்கூடியது, பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை நடத்தும் படகு. விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய இடமும் குந்துகால்தான், நினைவிடம் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் முதல் படகுக்கே போய்விடுங்கள், ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். இது தென்கடல் என்பதால் கச்சான் மாதங்களில் காற்றைப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்த மாதங்களில் குருசடையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்போது மாற்று என்ன? தொண்டிப் பக்கம் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். காட்டுக்குள் காற்று அவ்வளவாக நுழையாது. ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் வழியாகப் போனால் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்தையும் பார்த்துவிடலாம்.

சாப்பாடு, சாமான்

கோயிலைச் சுற்றி எல்லாம் சைவம். மீன் வேண்டுமென்றால் பாம்பன், மண்டபம், இல்லையென்றால் தனுஷ்கோடிக் குடிசைக் கடைகள். குடிசைக் கடையில் மீனைக் காட்டி, எடைக்கா துண்டுக்கா, மொத்தம் எவ்வளவு என்று பேசிவிட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள். பொரித்தபின் விலை பேசினால் அது சண்டையில்தான் முடியும். விளமீன், பாறை, ஊளி, கணவாய், நண்டு எல்லாம் இந்தக் கடலின் சரக்கு. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன், அளவு குறைந்தாலும் அன்றன்றைக்குப் பிடித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறை முழுக்க இதற்குள்தான் விழும். அப்போது விலை ஏறியிருக்கும், ஐஸ் மீனைப் புதுசு என்று விற்பவர்களும் உண்டு. கண் தெளிந்து செவுள் சிவந்திருந்தால் வாங்குங்கள்.

சங்கு மாலை, சங்கு விளக்கு வாங்கலாம். பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை எதையும் விலைக்கும் வாங்காதீர்கள், கரையில் கிடந்ததென்று பையிலும் போடாதீர்கள். எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள், ரயில் நிலையத்தில் பிடிபட்டால் ஜாமீன் வாங்கத்தான் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

பையில் அவசியம் இருக்க வேண்டியவை: பவளக்கல் குத்தாமல் இருக்க பழைய கேன்வாஸ் ஷூ அல்லது வார்ச் செருப்பு (ஹவாய் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும்), ஆளுக்கு இரண்டு மாற்றுத் துணி, ஈரத்துணிக்குத் துணிப்பை, சின்னக் குறடு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து. பிளாஸ்டிக் பை கொண்டுவராதீர்கள், 2019 முதல் தடை இருக்கிறது, தீவுப் படகில் ஏறும்போது சோதிப்பார்கள்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது

மாசி, பங்குனி என்றால் முதல் நாள் காலை குருசடை, மாலை பாலம். இரண்டாம் நாள் விடியலில் கோயில், வெயில் தாழ்ந்ததும் தனுஷ்கோடி. மூன்றாம் நாள் காலை பிரப்பன்வலசை, அப்படியே ஊர். கச்சான் மாதமென்றால் முதல் நாளும் மூன்றாம் நாளும் காலையில் வடகடல், நடு நாளில் கோயிலும் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடமும். தனுஷ்கோடியைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று அங்கே நிற்க விடாது. வாடை மாதத்தில் ஒரு நாளை முழுக்கக் காலியாக விட்டுவிடுங்கள், மழை அந்த நாளை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளவில்லை என்றால் திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, மண்டபம் முகாமில் உள்ள கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகம் என்று போய்வர இடம் உண்டு.

திரும்பும் நாளில் ஒரு முன்னெச்சரிக்கை. காற்று வேகம் வரம்பைத் தாண்டினால் பாம்பன் ரயில் பாலத்தில் சிக்னல் விழாது. ரயில் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிடும். காற்று பலமாக இருக்கும் நாளில் மதியமே ரயில் நிலையத்தில் விசாரித்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் பேருந்தில் ராமநாதபுரம் போய் அங்கிருந்து ஏறுங்கள். 55 கிலோமீட்டர் தூரம், பேருந்து அடிக்கடி உண்டு, இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினால் சரியாக இருக்கும். ஏறும் நிலையத்தை ரயில்வே செயலியில் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் இருக்கையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.